தாங்கும்

மேல் லயம், கேமரன் மலை
மார்ச் 11, 2024

அன்புத் தங்கச்சி சுபத்ராவுக்கு,

அக்கா திலகா எழுதுவது. கிழித்துப் போட்டுவிடாதே. நீ சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினது என்னோடு பேச மாட்டேன் என்றுதான். எழுத மாட்டேன், படிக்க மாட்டேன் என்று மாரியம்மாவிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவள் நான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். சரி, தபால்காரனை அடைக்க முடியாதல்லவா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புனிதன் கல்யாணத்தில், பந்தி போடுகிற நேரத்தில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "இந்த வெள்ளைத் திட்டு புத்துநோயா இருக்கும்க்கா, போய்க் காட்டு" என்றாயே. அது அதேதானாம். போதுமா? என் மகன் கல்யாண மண்டபத்தில் அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கருநாக்குக்காரி என்றேன். பிள்ளை இல்லாதவள் வயிற்றெரிச்சல் என்றும் வாயில் வந்துவிட்டது. இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான், நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்குமா என்று. உன் நாக்கு அப்படி. சின்ன வயதில் நீ "மழை வரும்" என்றால் லயத்து வீடு அத்தனையும் துணி எடுக்க ஓடும்.

நாக்கின் இடது ஓரம். வெற்றிலையை ஒதுக்குகிற அதே பக்கம். இப்போது வெற்றிலை, புகையிலை எல்லாம் விட்டாச்சு. ஈப்போ ஆஸ்பத்திரியில் மலாய் டாக்டரம்மா, தங்கமான பொண்ணு, நாக்கில் கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு கரண்டு, அதுதான் கதிர், வைக்கலாம் என்கிறார். வெட்ட வேண்டாம், கரண்டு மட்டும் வையுங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கத்தி என்றாலே எனக்குப் பயம். மருமகள் சாரதாவுக்கு ஆடியில் பிரசவம். பேர் வைக்கிற அன்று பிள்ளை காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டியவள் நான். அரை நாக்கை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல?

என் கட்டியில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்காகக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்களாம். எந்த லேப் என்று கேட்டேன். உன் லேப்தான். சாமி ஏதோ கணக்குப் போட்டிருக்கிறது. கரண்டு வைத்தால் கேட்குமா கேட்காதா என்று அந்த டெஸ்டில் ஓரளவு தெரியுமாம். டாக்டரம்மா மலாயில் சொன்னால் எனக்குப் பாதிதான் புரிகிறது. நீ பார்த்து ஒரு வார்த்தை தமிழில் எழுது. நீ சொன்னபடி செய்கிறேன்.

அக்கா
திலகா

*

கோலாலம்பூர்
மார்ச் 26

கடிதம் கிடைத்தது. துணுக்கும் வந்தது.

சாயம் போட்டுப் பார்த்தாயிற்று. நன்றாக ஏறியிருக்கிறது. கரண்டைத் தாங்கும் என்றுதான் தெரிகிறது. அதற்கு ஏற்றபடி முடிவு எடுக்கவும்.

சுபத்ரா

*

மேல் லயம்
ஏப்ரல் 3

என் ராசாத்தி சுபாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பிரிக்கக் கை வரவில்லை. உன் அத்தான்தான் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு, "ஏய் திலகா, உன் தங்கச்சி தோட்டத்துப் பேச்ச மறக்கல லா!" என்று ஒரே சிரிப்பு. மனுசன் சிரித்து எத்தனை நாளாச்சு!

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறதற்கு முன்னால் தோட்டத்தில் என்ன செய்வார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். செடியில் ஒரு வேரைக் கிள்ளி அயோடின் விடுவார்கள். கறுப்பாக நிறம் ஏறினால் வேரில் மாவு இருக்கிறது, செடி தாங்கும், வெட்டலாம். ஏறவில்லை என்றால் வெட்டக்கூடாது, செத்துப்போகும். "உனக்கு நல்லா ஏறியிருக்காம், உன் ஒடம்பு கரண்ட தாங்கும்னு போட்டிருக்கா. வேறென்ன வேணும்?" என்றார். நீ எழுதினது நாலே வரி என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். அக்கா என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். பரவாயில்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள்தானே நீ.

திங்கட்கிழமை ஈப்போ போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் தங்கச்சியே டெஸ்டைப் பார்த்துவிட்டாள், தாங்கும் என்று சொல்லிவிட்டாள், ஆபரேஷன் வேண்டாம். அவர் என்னென்னவோ நீளமாகச் சொன்னார். கடைசியில், "ஃபஹாம்?" என்றார். புரிந்ததா என்று கேட்கிறார். "ஃபஹாம், ஃபஹாம்" என்று தலையாட்டி, ஆபரேஷன் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். வருகிற திங்கள் கரண்டு ஆரம்பம். அதற்காகப் பல்லை எல்லாம் பிடுங்கியாச்சு. கிழவி ஆகிவிட்டேன், நீ பார்த்தால் சிரிப்பாய்.

மாரியம்மாவுக்குப் பொங்கல் வைத்தேன். உன் பேருக்கும் ஓர் அர்ச்சனை. கருநாக்கு என்று சொன்ன வாயால் சொல்கிறேன், நீ நல்லா இருக்கணும்.

அக்கா
திலகா

*

ஈப்போ, நோயாளிகள் விடுதி
மே 5

சுபா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை, இதற்காவது போடு.

வாய் முழுக்கப் புண். எச்சில் வற்றிப்போய், தண்ணீர் விழுங்குவது முள்ளை விழுங்குகிற மாதிரி இருக்கிறது. தினமும் முகத்துக்கு ஒரு வலைக்கூடு போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். மூச்சு முட்டும். அப்போதெல்லாம், சுபா தாங்கும் என்று எழுதியிருக்கிறாள், சுபா தாங்கும் என்று எழுதியிருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடப்பேன். பக்கத்து அறை மாடசாமி அண்ணனுக்கும் இதே நோய்தான். அவருக்குக் கட்டி பாதியாகிவிட்டது. எனக்கு அப்படியே இருக்கிறது. அப்படியே கூட இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன், பெருத்திருக்கிறது.

பேச முடியவில்லை. அத்தானிடம் சைகைதான். நான் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது போக மாட்டேன் என்கிறதே, ஏன்? டெஸ்டில் தப்பு இருக்குமா? இன்னொரு தடவை பாருடி. உன் காலில் விழுகிறேன், பார்த்து எழுது.

திலகா

*

கோலாலம்பூர்
மே 9

அக்கா, அக்கா, அக்கா,

உன் ஏப்ரல் கடிதத்தை இன்றைக்குத்தான் பிரித்தேன். வந்த அன்றே அலமாரியில் வைத்துவிட்டேன். கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லை, பயம். ஆபரேஷனுக்குத் தேதி குறித்து எழுதியிருப்பாய், அதைப் படித்தால் உன்னைப் பார்க்க ஓடி வந்துவிடுவேன், வந்தால் பேசிவிடுவேன் என்று பயம். இன்றைக்கு இரண்டாவது கடிதம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தேன்.

அக்கா, தாங்கும் என்று நான் எழுதியது உன்னை இல்லை. கட்டியை.

கட்டி தாங்கும் அக்கா. கரண்டைக் கொடுத்தாலும் அந்தப் பாழாய்ப்போன கட்டி தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்பதைத்தான் எழுதினேன். சாயம் ஏறியது நல்லதற்கு இல்லை. அது அயோடின் இல்லை. கட்டிக்குள் எங்கெல்லாம் காற்று எட்டவில்லையோ அங்கெல்லாம் ஏறுகிற சாயம் அது. கதிர் கட்டியைக் கொல்ல வேண்டுமானால் அதற்குக் காற்றின் துணை வேண்டும். காற்றில்லாமல் வாழப் பழகிக்கொண்ட கட்டியைக் கதிரால் அசைக்க முடிவதில்லை. உன்னுடையது கண்ணாடித் தகடு முழுக்கப் பழுப்பாக இருந்தது. பார்த்த அன்று நான் லேப் கழிப்பறையில் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து, ராங்கி குறையாமல் நாலு வரி எழுதினேன்.

அக்கா என்று போட மனசு வரவில்லை. அக்கா என்று போட்டால் நான் தோற்றதாக ஆகிவிடும் என்று, யாரையும் எதையும் பேர் சொல்லாமல் மொட்டையாக எழுதினேன். அதில் கட்டி என்ற சொல்லும் போய்விட்டது. நம் லயத்தில் அம்மா வருது, அக்கா போகுது என்றுதானே பேசுவோம். அக்கா தாங்கும், செடி தாங்கும், கட்டி தாங்கும், எல்லாம் ஒரே சொல். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

போன் அடித்தேன். புனிதன் எடுத்தான். எல்லாம் சொன்னேன். "அம்மா போன வாங்க மாட்டேங்குது சின்னம்மா" என்றான். அதனால் எழுதுகிறேன். இந்த டெஸ்டு ஆராய்ச்சிக்குத்தான், இதை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவெடுப்பதில்லை. ஆனால் கட்டி பெருக்கிறது என்று நீயே சொல்கிறாய். நாளைக்கே டாக்டரைப் பார். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று சொல். புனிதன் கூட நிற்கட்டும், மலாயில் அவன் பேசுவான். சத்தியம் எக்கேடு கெட்டுப் போகட்டும். மாரியம்மா என் கண்ணைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும்.

உன் சுபா

*

ஈப்போ
மே 20

சுபத்ராவுக்கு,

க, ட், டி. மூன்று எழுத்து. எழுத உன் பேனாவுக்கு அவ்வளவு வலித்ததா?

டாக்டரம்மாவைப் பார்த்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. புனிதன் தமிழில் சொல்லிக் கேட்டாச்சு. அப்போது கால்வாசி. இப்போது முழு நாக்கும். தொடையிலிருந்து சதை எடுத்து வாய்க்குள் ஒட்டி வைப்பார்களாம். அது பேசாதாம். ருசி தெரியாதாம். எச்சில் விழுங்கவே மாதக்கணக்கில் பழக வேண்டுமாம். கரண்டு வைத்த இடத்தில் காயம் ஆறுவதும் சந்தேகமாம். இவ்வளவும் பண்ணினாலும் பிழைப்பது பாதிக்குப் பாதி என்றுகூட அவர் சொல்லவில்லை. புனிதனிடம் கேட்டேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உன் அத்தான் சாப்பிடுவதில்லை. தாங்கும் என்று படித்துச் சொன்னது நான்தானே என்று தலையில் தலையில் அடித்துக்கொள்கிறார். உன்னால் அந்த மனுசனும் போய்விடுவார் போல.

எனக்கு ஆபரேஷன் வேண்டாம். நாக்கோடு செத்துப்போகிறேன். ஆடி வரைக்கும் உயிர் இருந்தால் போதும், பிள்ளை காதில் பேரைச் சொல்லிவிட்டுப் போய்ச் சேருகிறேன். நீ இங்கே வராதே. வந்தால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

திலகா

*

கோலாலம்பூர்
மே 24

அக்கா,

திட்டு. இன்னும் திட்டு. உனக்கு மூச்சு இருக்கிற வரை திட்டு. ஆனால் அந்த மூச்சு இருக்க வேண்டும்.

நான் உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. கதிருக்கு அசையாத கட்டியைப் பிறகு வெட்டி எடுத்தவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, போனவர்களும் உண்டு. போனவர்கள்தான் அதிகம். ஆனால் வெட்டாமல் விட்டால் பிழைத்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆடி வரை என்கிறாயே, ஆடி வரை இந்தக் கட்டி உன்னைப் பேச விடும் என்று யார் சொன்னது? இப்போதே சைகைதான் என்று எழுதியிருக்கிறாய். பேரைச் சொல்ல நாக்கு இருக்கும், அது அசையாது. கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சும் அடைக்கும். ஐயோ, இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே.

ஒவ்வொரு நாளும் யார் யாருடைய துணுக்குக்கோ சாயம் போடுகிறேன். வெறும் எண்தான் இருக்கும், பேர் இருக்காது; உன்னுடையதைக்கூட ஈப்போ ஆஸ்பத்திரியில் எண்ணைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். இப்போது எந்தத் தகட்டை எடுத்தாலும் இவர்களுக்கு வீட்டில் யார் சரியாக எடுத்துச் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேசாத பாட்டியாகவாவது இரு. பிள்ளையைத் தூக்கிக்கொள்ள நாக்கு வேண்டாம், அக்கா. உன் கை போதும். கையெழுத்துப் போடு. போடு அக்கா. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

சுபா

*

ஈப்போ
ஜூன் 13

சுபா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்காக இல்லை. சாரதா வயிற்றைத் தள்ளிக்கொண்டு மலையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அந்த வளைவு வளைவான ரோட்டில்! வந்ததும் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை. அவ்வளவுதான், எனக்கு வாழ ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததிலிருந்து பயமும் தாங்க முடியவில்லை. நேற்றுவரை செத்தால் சாகிறேன் என்று தைரியமாக இருந்தவள், இன்றைக்கு நர்ஸ் நடக்கிற சத்தம் கேட்டாலே போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறேன்.

இருபத்தியாறாம் தேதி காலையில் ஆபரேஷன். நீ வரலாம்.

இரண்டு காரியம் சொல்கிறேன், செய். பேர் வைக்கிற அன்று நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை காதில் நீ சொல்ல வேண்டும். ஆண் என்றால் குகனேஸ்வரன். பெண் என்றால் அவர்கள் இஷ்டம். மூன்று தடவை, நிறுத்தி, தெளிவாகச் சொல். பிள்ளை இல்லாதவள் சொல்லலாமா என்று லயத்தில் எவளாவது வாயைத் திறந்தால், நான் சொன்னேன் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. அன்றைக்கு நான் சொன்னதற்கு இதுதான் பதில். இதற்கு மேல் என்னால் முடியாது.

இரண்டாவது. உனக்குக் கருநாக்கு என்றேன். நீ சொன்னால் பலிக்கும். புற்று என்றாய், பலித்தது. தாங்கும் என்றாய், அதுவும் பலித்தது, பாவி. உள்ளே கொண்டுபோகிறபோது அந்த நாக்கால் எனக்காக ஒரு தடவை நல்லது சொல். நீ லேப்காரி, இதையெல்லாம் நம்ப மாட்டாய். எனக்காகச் சொல். மொட்டையாகச் சொல்லாதே. யார், என்ன என்று பேரோடு சொல். சாமி தோட்டத்துச் சாமி, அதுவும் தப்பாகப் புரிந்துகொள்ளும்.

அக்கா
திலகா

*

ஈப்போ, ஆஸ்பத்திரி வராந்தா
ஜூன் 26

அக்கா,

நீ கண் விழித்ததும் படிக்க எழுதுகிறேன். உன்னை உள்ளே கொண்டுபோய்க் காலை முழுவதும் போய்விட்டது. அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நீ என் முகத்தையே பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன். உன்னோடு இரண்டு வருஷம் பேசாதிருந்த தொண்டை, சத்தமே வரவில்லை. நீ காத்துக்கொண்டே போனாய். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கடைசியில் நீதான் பேசினாய். அந்தப் புண்ணோடு, குழறிக்கொண்டு, "சுவா" என்றாய். "பா" வரவில்லை. அதுதான் நான் கேட்ட உன் கடைசிச் சொல்லா? கதவு மூடிக்கொண்டது.

மூடின பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. கதவைப் பார்த்துக் கத்தினேன். காவலாளி ஓடி வந்தார், நர்ஸ் வந்தார், மாடசாமி அண்ணன் வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்டது. உனக்கு மட்டும் கேட்டதா என்று தெரியவில்லை. அத்தான், "கேட்டிருக்கும்மா, அவளுக்கு நல்ல காது" என்கிறார். சொல்லிக்கொண்டே அழுகிறார்.

கேட்கவில்லை என்றால் இதோ எழுத்திலும் சொல்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை அக்கா, எனக்குத் தகடுகள்தான் தெரியும். ஆனாலும் என் கருநாக்கால் சொல்கிறேன், ஒரு சொல்லையும் மிச்சம் பிடிக்காமல்.

என் அக்கா திலகா தாங்குவாள். கட்டி தாங்காது.

சுபா